வீல் பெயாரிங் வியாபாரம்: பெட்டியை நம்புவதா, பொருளை நம்புவதா?

கண்டியிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் வாகனம் ஏறவோ இறங்கவோ வேண்டும். கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவை. மஹியங்கனைக்குப் போனால் பதினெட்டு வளைவு. வளைவில் திரும்பும்போது வாகனத்தின் பாரம் வெளிப்பக்கச் சில்லின் மீது சாய்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் சூடு சில்லின் நடுப்பகுதிக்குப் பரவி கிறீஸை இளக்குகிறது. இவை இரண்டையும் தாங்கி நிற்பது வீல் பெயாரிங்.

மூன்றாவது எதிரி தண்ணீர். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரம் மூழ்குவது நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ சூறாவளியின்போது கண்டி மாவட்டமே வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் பெயாரிங்கிற்குள் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் அன்றே சத்தம் வராது. உள்ளே துருப்பிடித்து, சில வாரங்கள் கழிந்த பின்னரே இரைச்சல் கேட்கும்.

இன்னொரு விடயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. உதிரிப்பாகங்களுக்குக் கேள்வி கூடியது. கேள்வி கூடும் இடத்தில் போலியும் நுழையும். ஆகவே உதிரிப்பாகக் கடை, கராஜ், வாடகை வேன் என்று தொழில் செய்யும் நம்மவர்கள் இதைத் தெரிந்திருப்பது அவசியம்.

மூன்று வகைப் பொருட்கள்

சந்தைக்கு வரும் பெயாரிங்கை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவது. இரண்டாவது, பெயாரிங் கம்பனியின் சொந்தப் பெட்டியில் வருவது. மூன்றாவது, பிரபல பெயரைத் திருடி வரும் போலி.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் பலர் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. வாகனக் கம்பனிகள் பெரும்பாலும் பெயாரிங்கைத் தாமே செய்வதில்லை. ஜப்பானின் என்.எஸ்.கே., என்.டி.என்., கோயோ, சுவீடனின் எஸ்.கே.எஃப். போன்ற கம்பனிகளிடமே வாங்குகின்றன. அதே கம்பனியின் சொந்தப் பெட்டியில் சரியான இலக்கத்தை வாங்கினால், தரம் குறையாமல் விலை குறையலாம்.

பிரபலமில்லாத பெயரில் வரும் மலிவான பொருளும் போலி அல்ல. அது தன் பெயரைச் சொல்லித்தான் வருகிறது. அதன் தரத்தை விசாரித்து, வாடிக்கையாளரிடம் உள்ளதைச் சொல்லி விற்கலாம். அடுத்தவர் பெயரில் வருவதுதான் மோசடி.

பெட்டி மாறியிருப்பதை மட்டும் வைத்து போலி என்று முடிவு கட்டவும் கூடாது. கோயோ என்ற பெயரை அதன் உரிமைக் கம்பனியான ஜேடெக்ட் 2022 முதல் தன் சொந்தப் பெயருக்குள் கொண்டுவரத் தொடங்கியது. எனவே பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒரே காலத்தில் சந்தையில் இருக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. இலக்கம். பழைய பெயாரிங்கின் வளையத்தில் உள்ள இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் கொண்டு தெரிவு செய்யுங்கள். டி.ஏ.சி. 40740040 என்று இருந்தால் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 74, அகலம் 40 மில்லிமீற்றர் என்று பொருள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தையும் ‘பரவாயில்லை’ என்று விடக் கூடாது.

2. எழுத்து. வளையத்தில் உள்ள எழுத்து தெளிவாக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பெட்டியிலும் வளையத்திலும் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, தேய்த்து மினுக்கிய அடையாளம் இருந்தால் வாங்காதீர்கள்.

3. காந்தப் பக்கம். ஏ.பி.எஸ். உள்ள பல வாகனங்களில் பெயாரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சரை நோக்கியே இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், திரும்பக் கழற்ற நேரும். ஸ்பீக்கர் போன்ற காந்தமுள்ள பொருட்களுக்கு அருகில் இதை வைக்க வேண்டாம்.

4. வாங்கும் இடம். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும் பெயரும் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். போலி விற்பவர் எழுதித்தரத் தயங்குவார். சில பெரிய கம்பனிகளின் பெட்டியில் உள்ள குறியீட்டைக் கைத்தொலைபேசியில் பரிசோதிக்கவும் முடியும்.

பூட்டுவதில் போகும் தரம்

நல்ல பெயாரிங்கும் சுத்தியல் அடியில் கெட்டுவிடும். ஸ்டியரிங் நக்கிளுக்குள் செலுத்தும்போது வெளிவளையத்தையும், ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்தையும் பிரஸ்ஸில் தாங்க வேண்டும். மாற்றி அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதிக்கும். அச்சு நட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்கிய பின்னரே சில்லை நிலத்தில் இறக்க வேண்டும். பிரஸ் இல்லாத கராஜில் வேலையை ஒப்படைத்துவிட்டு பெயாரிங்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இலாபக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். நல்ல பெயாரிங் 9,000 ரூபா, போலி 3,500 ரூபா, கூலி 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நல்லதை ஒரு முறை பூட்ட 13,000 ரூபா. போலியை இரண்டு முறை பூட்ட 15,000 ரூபா. வாடகை வாகனம் நின்ற நாட்களின் வருமான இழப்பு இதில் சேரவில்லை. இறக்கத்தில் சில்லு ஆட்டம் கண்டால் வரும் ஆபத்துக்கோ விலையே கிடையாது.

மார்க்கமும் சட்டமும்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். பெயாரிங்கின் குறையும் அந்த ஈரத்தைப் போலத்தான், மேலே தெரியாது. மறைந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹில் இது ‘கியாருல் ஐப்’ எனப்படுகிறது.

நாட்டின் சட்டமும் இதையே வேண்டுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரை ஏமாற்றும் விதத்தில் வியாபாரி நடப்பதைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது.

எனவே கடைக்காரர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். வாகனக் கம்பனிப் பொருள், பெயாரிங் கம்பனிப் பொருள், மலிவுப் பொருள் என்று தட்டுகளைப் பிரித்து வையுங்கள். எது எந்தத் தட்டு என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தட்டிலும் வைக்க முடியாத பொருள் கடையில் இருந்தால், நட்டத்தைப் பாராமல் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் பரக்கத் வரும், இன்ஷா அல்லாஹ்.