ரயிலேறிப் போய் நடந்து வருவோம்: மலையோடு மறுபடி பழகுவதற்கு ஒரு பாடம்

மண்சரிவு அபாயத்தால் பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ தங்கியிருந்து, இப்போது தோட்டத்துக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம். கூரை, தண்ணீர், பிள்ளைகளின் பாடசாலை என்று ஓடித்திரியும் நாட்கள் இவை. இந்த நேரத்தில் நடைப்பயணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. திரும்பி வந்த பிள்ளைகளில் சிலர் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறார்கள். பெரியவர்களும் கொழுந்து மலைக்குப் போவதைத் தவிர வெளியே இறங்குவதில்லை. இந்தப் பயம் இயல்பானது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் பயத்தோடு மட்டும் மலையைப் பார்த்தால், அது காட்டும் அடையாளங்கள் கண்ணில் படாது. நிதானமாக நடக்கும்போதுதான் அவை தெரியும். வீட்டுக்குப் பின்னால் உள்ள மலையைப் பார்ப்பதற்கு முன், வேறு இடத்து மலையில் நடந்து பழகுவது பிள்ளைகளுக்கு இலகு.

ரயில் நமக்கு வசதி

கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புக்கு இறக்கவே இந்தப் பாதை போடப்பட்டது. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது. பதுளையை அடைய 1924 ஆகிவிட்டது. அதற்கு முன் நம் பாட்டன் பூட்டன்கள் மன்னார்ப் பக்கமிருந்து காட்டு வழியாக நடந்தே இந்த மலைக்கு வந்தவர்கள். நடை நமக்குப் புதிதல்ல.

மூன்றாம் வகுப்புச் சீட்டு போதும். சிறிய நிலையங்களில் எல்லா ரயிலும் நிற்காது. ஆகவே போகும் ரயிலையும் திரும்பும் ரயிலையும் ஹட்டன் நிலையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பின் பாதை மூடப்படுவதும் உண்டு.

மூன்று நடைகள்

1. தலவாக்கலை: சிறு பிள்ளைகளுக்கும் ஏற்றது. ஹட்டனில் ஏறினால் கொட்டகலைக்கு முன் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான இருட்டு. பயப்படும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை சேர்ந்து எண்ணுங்கள். தலவாக்கலையில் இறங்கி ஹட்டன் வீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடந்தால் சென் கிளயர் அருவி தெரியும். உயரம் 80 மீற்றர். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபின் இங்கே முன்போல் தண்ணீர் விழுவதில்லை. அதே வீதியில் இன்னும் 3 கிலோமீற்றர் போனால் 97 மீற்றர் உயரமான டெவன் அருவி. களைத்துவிட்டால் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிடலாம். வாகனங்கள் வேகமாக வரும் வீதி இது; ஒருவர் பின் ஒருவராக, எதிரே வரும் வாகனம் தெரியும் பக்கமாக நடக்கவும்.

2. ஹப்புத்தளை: முதியவர்களையும் கூட்டிப் போகலாம். போகும் வழியில் வரும் பட்டிப்பொளைதான் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றர். குளிரும், போர்வை கொண்டுபோங்கள். ஹப்புத்தளையில் இறங்கி ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடந்தால் அடிசம் பங்களா. 1931இல் ஓர் ஆங்கிலேயர் கட்டிய கல்வீடு. இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். எல்லா நாளும் திறந்திருக்காது. சனி, ஞாயிறு, போயா நாட்களில் போவது நல்லது. பக்கத்திலேயே தங்கமலைக் காடு. தேயிலை போடுவதற்கு முன் நம் மலைகள் எப்படி இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே காட்டலாம்.

3. ஒகியா: திடமான இளைஞர்களுக்கு மட்டும். நிலையத்திலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம். உள்ளே உலக முடிவுக்குப் போய்வர இன்னும் 9 கிலோமீற்றர். இது தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். காலை பத்து மணிக்குள் பனிமூட்டம் மூடிவிடுவது வழக்கம்.

நடக்கும்போது எதைப் பார்ப்பது?

பின்வருவனவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே நடங்கள்.

• மண்ணில் புதிய வெடிப்பு, அல்லது நிலம் படிபோல் கீழிறங்கியிருத்தல்.
• ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், மின்கம்பங்கள்.
• திடீரென்று தோன்றிய ஊற்று, கலங்கி வரும் ஊற்று, அல்லது ஓடிக்கொண்டிருந்து சட்டென நின்றுபோன ஊற்று.
• அடைபட்ட வடிகான். மழைத்தண்ணீர் போக வழியில்லாவிட்டால் மண்ணுக்குள்தான் இறங்கும். மண் கனத்துச் சரிவதற்கு அதுவே பெரிய காரணம்.

கவனிக்க வேண்டியவை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். எந்த நிறம் அறிவிக்கப்பட்டிருந்தாலும் அன்று நடை வேண்டாம்.

தண்டவாளத்தில் நடக்கக் கூடாது. சுரங்கத்துக்குள் நுழையவே கூடாது. குளவிக்கூடு கண்டால் கல் எறியாமல், சத்தமின்றி வந்த வழியே திரும்புங்கள். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் இருட்டுமுன் வீடு சேருங்கள். அவசர நோயாளர் வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற எண்களை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது

அடுத்த ஞாயிறு, வெயில் இருக்கும்போது, உங்கள் லயத்தைச் சுற்றி அதே கண்ணோடு நடந்து பாருங்கள். ஒரு தாளில் மூன்றை மட்டும் வரையுங்கள்: மழைத்தண்ணீர் எந்த வழியால் ஓடுகிறது, சரிவு எந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கிறது, இரவில் ஓட வேண்டி வந்தால் எந்த வழியால் போய் எங்கே ஒன்றுசேர்வது. பாட்டியிடமும் கேளுங்கள், முன்பு எங்கே மண் இறங்கியது என்பது அவருக்குத் தெரியும். வெடிப்போ புதிய ஊற்றோ கண்டால், சிறிதென்று விட்டுவிடாமல் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அன்றே அறிவியுங்கள். படத்தைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இரவில் மழை பெய்து பிள்ளை விழித்துக்கொண்டால், அந்தப் படத்தைக் காட்டி, போகும் வழியை அதன் வாயாலேயே சொல்லவையுங்கள்.