நிலத்தடி நீருக்குக் காவல்

மழைநீர் மண்ணினூடே மெல்லக் கசிந்து இறங்கும்பொழுது, மணலும் களிமண்ணும் அதிலுள்ள அழுக்கைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துகின்றன. கிணற்றுநீர் தெளிந்து விளங்குவதற்கு இஃது ஒரு காரணமாகும். ஆயினும், எல்லா நிலங்களும் நீரை இவ்வாறு வடிகட்டித் தரும் எனக் கருதுதல் கூடாது. சுண்ணாம்புப் பாறை மிக்க நிலத்தின் இயல்பு வேறு.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையின் வெடிப்புகள் விரிந்து குகைகள் ஆகின்றன. மேலுள்ள மண் அவற்றுள் சரியும்பொழுதோ, குகையின் கூரை இடிந்து விழும்பொழுதோ தரையில் பள்ளம் தோன்றுகிறது. இதனை அமிழ்குழி எனலாம். இக்குழியில் விழும் நீர் வடிகட்டப்படாமலே நிலத்தடி ஆற்றைச் சென்றடைகிறது.

அந்நீர் எத்துணை விரைவாகச் செல்லும் என்பதை, 1877ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் நிகழ்ந்த சோதனையொன்று காட்டிற்று. அங்கு இம்மெண்டிங்கன் என்னும் ஊரருகே டான்யூப் ஆற்றுநீர் படுகையிலுள்ள வெடிப்புகளில் புகுந்து மறைகிறது. க்னோப் என்னும் அறிஞர் அந்நீரில் 10 கிலோகிராம் சாயத்தைக் கலந்தார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்றில் பச்சை நிறம் ஒளிர்ந்தது. சாயம் சென்ற வழியில் நஞ்சும் செல்லும் அன்றோ?

அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து ஹார்ஸ் கேவ் என்னும் சிற்றூர் இவ்வுண்மையைத் துன்புற்றே உணர்ந்தது. அவ்வூரின் நடுவே ஒரு பெரிய குகை உண்டு. அதனுள் ஓடும் ஆறு ஒருகாலத்தில் மக்களுக்குக் குடிநீர் அளித்தது. பிற்காலத்தில் வீட்டுச் சாக்கடை நீரும் தொழிற்சாலைக் கழிவும் நிலத்தடியில் விடப்பட்டமையால் ஆறு நாறிற்று. காண்போர் திரளாக வந்த குகை 1943ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1989ஆம் ஆண்டில் புதிய கழிவுநீர்த் தூய்மை நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே ஆறு மெல்லத் தெளிந்தது; கண்ணற்ற குகை மீன்களும் திரும்பி வந்தன. 1993ஆம் ஆண்டில் குகை மீண்டும் திறக்கப்பட்டது. கெடுத்த நீரைத் திருத்த ஐம்பது ஆண்டுகள் சென்றன.

இத்தகைய கேடு நேராமல் காக்க, அறிஞர் சிலர் மட்டும் போதார். அந்நிலத்தில் வாழ்வோரின் கண்களும் வேண்டும். ஆதலின், தன்னார்வத் தொண்டர்கள் அமிழ்குழிகளைக் கண்காணிப்பது பெரும்பயன் தரும். அவர்கள் ஒவ்வொரு குழியையும் வரைபடத்தில் குறித்து வைத்தல் வேண்டும். பெருமழைக்குப் பின் சென்று, குழியின் வாய் அகன்றதா, புதிய வெடிப்பு தோன்றியதா, அருகிலுள்ள ஊற்று கலங்கியதா எனப் பார்த்து நாளுடன் எழுதுதல் வேண்டும். எவரேனும் குப்பையோ, பூச்சி மருந்தோ, இறந்த கால்நடையோ அதில் இட்டிருப்பின் உடனே உரிய அலுவலர்க்கு அறிவித்தல் வேண்டும். விளிம்பு சரியக்கூடுமாதலின், குழியை நெருங்காது எட்டி நின்றே நோக்குதல் நன்று.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும் உண்மையும் போதும். ஒருவர் வயலிலுள்ள குழி, மற்றோர் ஊரார் பருகும் நீருக்கு வாயிலாக இருக்கலாம். அவ்வாயிலைத் தூயதாகக் காப்பது, முகமறியாத அவ்வூரார்க்குச் செய்யும் அறமாகும்.