ஹைட்ராலிக் சிலிண்டருக்கு சீல் மாற்றும் முறை

நம் பிள்ளைகள் பலர் பொக்லைன், லோடர் போன்ற கனரக இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணிமனைகளில் தொழில் பழகி வருகிறார்கள். புதிய சீல் போட்ட சிலிண்டர் சில நாட்களிலேயே மீண்டும் ஒழுகினால், உடனே சீலைக் குறை சொல்கிறோம். ஆனால் பொருத்தும்போது விழுந்த கீறலும், உள்ளே புகுந்த தூசியும், திசை மாறிய சீலும் அடிக்கடி இதற்குக் காரணமாகின்றன. எனவே முறையை வரிசையாகத் தருகிறோம்.

1. கழற்றும் முன்: பூம், பக்கெட் இரண்டையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ராடை வெளியே தள்ள கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்தவே கூடாது. அது குண்டு போலப் பாய்ந்து உயிரைப் பறிக்கலாம்.

2. பழைய சீலை எடுக்கும்போது: எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும்; பிறகு எந்த சீலும் அங்கே நிற்காது.

3. ராடைச் சோதித்தல்: ராடின் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அந்தக் கீறல் புதிய சீலையும் அறுத்துவிடும். ராடு வளைந்திருந்தாலும், பேரலின் உட்புறம் கீறியிருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

4. திசை: யூ வடிவ சீலின் திறந்த வாய், அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வைப்பர் சீலின் உதடு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மண்ணைத் தடுப்பதே அதன் வேலை. ஓ ரிங்குடன் ஒரே ஒரு பேக்கப் ரிங் இருந்தால், அது அழுத்தம் இல்லாத பக்கம் வரும்.

5. பொருத்துதல்: எல்லாவற்றையும் கழுவி, சிலிண்டரில் ஓடும் அதே ஹைட்ராலிக் ஆயிலைத் தடவுங்கள். ராடு சீலை அவரைவிதை போல மடித்து கிளாண்டுக்குள் விட்டு, பள்ளத்தில் விரிய விடுங்கள். மரை இருக்கும் இடங்களை டேப் சுற்றி மூடுங்கள். கெட்டியான பிஸ்டன் ரிங்கை வெந்நீரிலோ சூடான ஆயிலிலோ இளக வைக்கலாம். நெருப்பில் காட்டக் கூடாது. பிஸ்டன் நட்டை இயந்திரத்தின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

6. ஓட்டிப் பார்த்தல்: சுமை இல்லாமல், மெதுவாக, பலமுறை முழுதாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே தங்கிய காற்று திடீர் அழுத்தத்தில் சூடாகிப் புது சீலைக் கருக்கிவிடும்.

பெற்றோரும் அறிய வேண்டிய ஒன்று: கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அழுத்தத்தோடு பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாக இருக்கும். தொடக்கத்தில் வலியும் குறைவாக இருக்கலாம். வீட்டில் மருந்து போட்டுக் காத்திருந்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பூமுக்குக் கீழே இன்னொருவர் நின்று வேலை செய்கிறார். நம்மிடம் ஒப்படைத்த இயந்திரம் அமானிதம் என்றால், அவருடைய உயிர் அதைவிடப் பெரிய அமானிதம்.