மூன்றாவது தோட்டா: ஓர் இளம் பிஸ்டல் வீராங்கனைக்குக் கடிதம்

அன்பு மகளே,

10 மீட்டர் ஏர் பிஸ்டலிலிருந்து 25 மீட்டருக்கு மாறப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே, "பார்டினியா, வால்டரா, மொரினியா? ரேஞ்சில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் சார்" என்று கேட்டிருந்தாய். அப்பா கடன் வாங்கியாவது வாங்கித் தருவார் என்ற வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இதே குழப்பத்தில் நிற்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நீ சொன்ன மூன்றும் நல்ல துப்பாக்கிகள்தான். வால்டரின் ஜி.எஸ்.பி. 1968இல் வந்தது, அரை நூற்றாண்டு தாண்டியும் அதை நம்பிச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பார்டினியும் சுவிட்சர்லாந்தின் மொரினியும் ஒலிம்பிக் ரேஞ்சுகளில் பார்த்துப் பழகிய பெயர்கள். எல்லாமே .22 தோட்டா, எடை 1,400 கிராமுக்குள், ட்ரிகர் எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. சர்வதேச விதி எல்லாக் கம்பெனிகளையும் ஒரே அளவுக்குள் கட்டிவிட்டது. கிரிப்பின் சாய்வும், எடை முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்பதும், ட்ரிகர் எப்படி உடைகிறது என்பதும்தான் மிச்சமிருக்கும் வித்தியாசம். அதை உன் கைதான் சொல்ல வேண்டும். பிறர் வாய் சொல்ல முடியாது.

ஆனால் நீ கேட்டது அதையல்ல. எது நம்பகமானது, எது நடுவில் நிற்காது என்று கேட்டாய். அதற்குப் பதில் கம்பெனிப் பெயரில் இல்லை.

"என் துப்பாக்கி ஒருநாளும் ஜாம் ஆனதில்லை" என்பார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. லைசென்சுக்கு அலைந்து, லட்சங்களைக் கொட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. "அந்தக் கம்பெனியா, தொடவே தொடாதே" என்பார் இன்னொருவர். ஏதோ ஒரு முக்கியமான நாளில் அது அவர் காலை வாரியிருக்கும். இருவரும் தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரு துப்பாக்கியின் கதையை ஒரு தொழிற்சாலையின் கதையாக நீ எடுத்துக்கொண்டால்தான் பிழை.

அதனால் "நல்லா இருக்கா?" என்று கேட்காதே. எத்தனை ரவுண்டு சுட்டீர்கள் என்று கேள். எந்தத் தோட்டா? எத்தனை முறை நின்றது, எப்படி நின்றது? எந்த மேகசினில் நின்றது? எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள்? ஐந்நூறு ரவுண்டு சுட்டுவிட்டு "ஒரு குறையும் இல்லை" என்பவரைவிட, "இருபதாயிரம் ஆச்சு, ஒன்பது தடவை நின்னது, அதில் ஏழு ஒரே மேகசினில்" என்பவரின் பேச்சே எனக்கு வேண்டும். தன் துப்பாக்கியின் குறையைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அதன் குணமும் தெரியும்.

பழைய சங்கதி ஒன்று. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம், ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலைச் சோதித்தது. 6,000 ரவுண்டு சுட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதே சோதனையில் 100 ரவுண்டுக்கு ஒருமுறை ஆறவிட்டார்கள், 1,000 ரவுண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நிற்காத துப்பாக்கி என்று வரலாறு கொண்டாடுகிற துப்பாக்கிக்குப் பின்னாலும் கணக்கு வைத்துத் துடைத்த ஒரு கை இருந்தது.

நம் .22 தோட்டாவுக்கு அந்தக் கை இன்னும் அதிகமாகத் தேவை. அதன் ஈயக் குண்டின்மேல் மெழுகு பூசியிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் ஈயம், கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் கரி உள்ளே தங்கும். போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலி கேஸை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் வேலை முழுவதையும் அந்தச் சின்னத் தோட்டாவின் உதைதான் செய்கிறது. ஸ்ப்ரிங்கும் அந்த உதையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வேகத் தோட்டா போட்டால் போல்ட் அளவுக்கு மீறி அடிக்கும். உதை போதாத தோட்டா போட்டால் பாதியில் நிற்கும். ஒரே துப்பாக்கி ஈலி தோட்டாவில் சீராக ஓடி எஸ்.கே. தோட்டாவில் திணறலாம், பக்கத்து லேனில் நேர்மாறாக நடக்கலாம். டிசம்பரில் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குப் போனால் இன்னொன்றும் தெரியும். காலைக் குளிரில் மெழுகும் எண்ணெயும் இறுகிவிடும். சென்னை வெயிலில் ஒழுங்காக ஓடிய பிஸ்டல் அங்கே முதல் சீரிஸிலேயே தயங்கும். அதைக் கம்பெனியின் குறை என்று ஊர் திரும்பிச் சொல்கிறவர்கள் உண்டு.

துப்பாக்கி நின்றால் பயிற்சியில் அவசரப்படாதே. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பார். காலி கேஸ் வாசலில் நட்டுக்குத்தலாக நிற்கிறதா? கேஸை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகத்தில் கரி இருக்கலாம், உதை போதாமல் இருக்கலாம். வெடிக்காத தோட்டாவா? பாதுகாப்பாக வெளியே எடுத்து, விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார். .22இல் தீமூட்டும் மருந்து விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஃபைரிங் பின் ஆழமாகப் பதிந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. மேலோட்டமாகக் கீறியிருந்தால் துப்பாக்கியின் குறை: அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். நெல்மணியைவிடச் சின்னதான அந்தத் தடம், பத்து அனுபவஸ்தர்களின் வாதத்தைவிடத் தெளிவாகப் பேசும்.

இதை நான் தோற்றுத்தான் கற்றேன். என் இளவயதில் ஒரு மாநிலப் போட்டி, ஸ்டாண்டர்ட் பிஸ்டல், 10 விநாடி சீரிஸ். இரண்டு ஷாட் போயிற்று. மூன்றாவது தோட்டா ஏறும்போது மூக்கு முட்டி நின்றது. பிஸ்டலை இலக்கை நோக்கி அப்படியே பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தியிருந்தால் போதும். ரேஞ்ச் ஆபீசர் வந்து பார்த்திருப்பார், அந்த சீரிஸைத் திரும்பச் சுட வாய்ப்புக் கிடைத்திருக்கும். என் இடது கை என்னைக் கேட்காமலே போல்ட்டை இழுத்துவிட்டது. மெக்கானிசத்தைத் தொட்டால் அது அனுமதிக்கப்படாத கோளாறு. மீதி மூன்று ஷாட்டும் பூஜ்யம். அன்று மாலை எல்லாரிடமும் துப்பாக்கியைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்று மேகசினையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒன்றின் உதடு மயிரிழை அளவு வளைந்திருந்தது. எப்போதோ சிமெண்ட் தரையில் விழுந்திருக்கும். போட்டியில் நின்றது அந்த மேகசின்தானா, எத்தனை நாளாக அது அப்படி இருந்தது, எனக்கே தெரியவில்லை. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று மனு பாக்கருக்கு நடந்ததை நீ பார்த்திருப்பாய். தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கி பழுதாகி, மதிப்புள்ள நிமிடங்கள் போய், 575 புள்ளியோடு 12ஆம் இடம். உலகத் தரமான துப்பாக்கி, உலகத் தரமான வீராங்கனை, ஆனாலும் நடந்தது. மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றார். இரும்பு எந்தத் தொழிற்சாலையில் வார்த்தாலும் ஒருநாள் சோரும். அந்த நாளுக்கு நீ தயாராக இருக்கிறாயா என்பதே கேள்வி.

ஆகவே அப்பாவிடம் கடன் இப்போது வேண்டாம் என்று சொல். ஆறு மாதம் கிளப் பிஸ்டலில் சுடு. பலர் கை பட்டது, கொஞ்சம் தேய்ந்தது. அதனாலேயே அது உனக்கு நல்ல வாத்தியார். மேகசினில் தோட்டா போடும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பின்னால் மாட்டினால் ஏறாது. ஒரு நோட்டுப் புத்தகம் வை. தேதி, ரவுண்டு எண்ணிக்கை, தோட்டாவின் பெயரும் லாட் எண்ணும், நின்றதா, எந்த மேகசினில், என்ன செய்தாய். ஆறே வரி. கோளாறு வந்தால் கை உயர்த்தும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே உடம்பில் ஏற்று. போட்டியின் வேகச் சுற்றில் யோசிக்க நேரம் இருக்காது, 3 விநாடியில் இலக்கு போய்விடும். பிறகு ரேஞ்சில் யார் எந்தக் கம்பெனியைப் புகழ்ந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாய். அவர் சொல்வதில் எது துப்பாக்கியின் கதை, எது அவர் கையின் கதை என்று பிரிக்க உனக்கே தெரியும். அன்று வாங்கலாம். நானே அப்பாவிடம் வந்து பேசுகிறேன்.

நான் தோற்ற அந்த மாநிலப் போட்டிக்கு மறுநாள், வீட்டிலிருந்த சிவப்பு நெயில் பாலிஷால் என் மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எழுதினேன். அதற்குப் பிறகு எந்த மேகசின் நின்றது என்று எனக்குத் தெரியாமல் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரேஞ்சுக்கு வா. வரும்போது ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் எடுத்து வா. கிளப் மேகசின்களுக்கு எண் போடுவதிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உன் பயிற்சியாளர்