மஞ்சக் கடுதாசிக்குப் பிறகு ஒரு பந்தய அணி

கோவை நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குள் நுழைந்தபோது ஓட்டியது ஜோர்டான் அணியின் கார். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அதன் தொழிற்சாலை. அதற்குப் பிறகு அங்கே பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயிண்ட், இப்போது ஆஸ்டன் மார்ட்டின். முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். ஆனால் ஜோர்டான் காலத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்த ஆண்டி ஸ்டீவன்சன் இத்தனை பெயர்களையும் கடந்து, ஆஸ்டன் மார்ட்டின் அணியின் விளையாட்டு இயக்குநராக உயர்ந்தார்.

வேதாரண்யத்தில் இதைப் படிக்கிற உங்களுக்கும் இதில் காரியம் இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த நம் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஓசூருக்கும்தான் பஸ் ஏறுகிறார்கள். அங்கே பெரிய கம்பெனிகளும் கதவை மூடுகின்றன. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. பின்னால் சால்காம்ப் அதை வாங்கிப் புதிதாகத் தொடங்கியது. ஊரிலேயே தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கோ, வங்கி ஏலத்துக்கு வரும் ரைஸ் மில்லும் ஐஸ் கம்பெனியும் ஆசை காட்டுகின்றன. நொடித்துப்போன இடத்தில் புதுக்கடை விரிப்பது எப்படி என்பதற்குப் பந்தய அணிகளைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே எல்லாம் சில வாரங்களில், ஊரறிய நடந்து முடிந்துவிடுகிறது.

ஃபோர்ஸ் இந்தியாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். விஜய் மல்லையாவும் மிகியல் மோலும் 2007இல் ஸ்பைக்கர் அணியை வாங்கி, 2008 முதல் ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் ஓட்டினார்கள். 2011இல் சஹாரா குழுமம் பங்கு வாங்கியது. பிறகு இரண்டு வீட்டிலும் கடன் நெருக்கடி. 2018 ஜூலை 27 அன்று அணி நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. வழக்கைக் கொண்டுபோனவர் அந்த அணியின் ஓட்டுநரான செர்ஜியோ பெரஸ். அவருக்கே சம்பளப் பாக்கி இருந்தது. இன்னொரு கடன்காரர் அணியை அடியோடு கலைக்கக் கேட்டு நீதிமன்றம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அணிக்குள் இருந்தவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் தாம் முந்திக்கொண்டதாகப் பெரஸ் சொன்னார். கலைத்துவிட்டால் விற்க மிஞ்சுவது இரும்பும் கார்பன் ஃபைபரும்தான். நிர்வாகியிடம் போனால் ஓடுகிற அணியாகவே விற்கலாம்.

வாங்க வந்தவர் கனடாவின் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு. கம்பெனியின் பங்குகளை வாங்க முதலில் வழி பார்த்தார்கள். மல்லையா தரப்புப் பங்குகள் இந்திய வங்கிகள் பெற்ற முடக்க உத்தரவில் சிக்கியிருந்தன. பதின்மூன்று வங்கிகளின் சம்மதம் வேண்டும், அது நேரத்தில் வரவில்லை. ஆகவே பங்கை விட்டுவிட்டுத் தொழிலையும் சொத்தையும் மட்டும் வாங்கினார்கள். பந்தயம் இல்லாத ஆகஸ்ட் மாதக் கோடை விடுமுறை அவர்களுக்குக் கைகொடுத்தது. 405 பேரின் வேலையும் தப்பியது. கடன்காரர்களுக்குப் பணம் முழுவதும் கொடுக்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

ஆனால் ஒரு விலை இருந்தது. பழைய கம்பெனியின் பெயரில் இருந்த 59 புள்ளிகளும் பழைய கம்பெனியோடு போயின. ஆறாம் இடத்தில் இருந்த அணி, பூஜ்யத்தோடு புது அணியாகப் பெல்ஜியம் பந்தயத்துக்கு வந்தது. அதே கார், அதே ஆட்கள். ஆகஸ்ட் 26 அன்று பெரஸ் ஐந்தாவது, எஸ்தபான் ஓக்கான் ஆறாவது. ஒரே நாளில் 18 புள்ளி. அந்த ஆண்டை ஏழாவது இடத்தில் முடித்தார்கள்.

சொத்தை மட்டும் வாங்கினால் கடன் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். உரிமையும் கூடவே வராது என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். புது அணி என்றால் முந்தைய ஆண்டுகளின் ஆட்டத்துக்கான பரிசுப் பணம் கிடையாது. மற்ற அணிகள் சம்மதித்ததால் மட்டுமே ரேசிங் பாயிண்ட் என்ற அந்தப் புது அணிக்கு அது கிடைத்தது. பிறகு ஹாஸ் அணி அதை எதிர்த்து, நவம்பரில் அபுதாபி வரை புகார் கொண்டுபோனது, புகார் தள்ளுபடியானது. அந்தப் பணம் இல்லாவிட்டால் ஸ்ட்ரோல் வாங்கியது ஒரு கொட்டகையும் சில கார்களும் மட்டுமாக இருந்திருக்கும்.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லை வங்கி ஏலம் விடுகிறது. அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று போட்டிருக்கும். வில்லங்கச் சான்று பார்ப்பீர்கள், கட்டடத்தைப் பார்ப்பீர்கள், மெஷினைப் பார்ப்பீர்கள். அதற்கு முன்னால் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் அந்த இணைப்பில் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பழைய உரிமையாளர் வைத்த மின்பாக்கியைப் புதிதாக வாங்கியவரிடம் வசூலிக்க விதி இடம் கொடுத்தால் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. யார் பெயரில் இருக்கிறது, காலாவதி எப்போது? புழுங்கல் ஆலையென்றால் கொதிகலன் சான்றிதழ். ஓராண்டு பூட்டிக் கிடந்த கொதிகலனைப் பரிசோதனை இல்லாமல் பற்றவைக்க முடியாது. ஏலத்தில் கேட்கும் தொகையை இதையெல்லாம் கழித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத சரக்கு. 2014 அக்டோபரில் மருஷியா அணி நொடித்தது. அந்த ஆண்டு மொனாக்கோவில் ழூல் பியாங்கி ஒன்பதாவது வந்து இரண்டு புள்ளி வாங்கியிருந்தார். அதனால் அணிக்கு ஒன்பதாம் இடம், அதற்குரிய பரிசுப் பணம். அதை நம்பி ஸ்டீபன் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தொழிலதிபர் பணம் போட, 2015 மார்ச்சில் மேனர் என்ற பெயரில் அணி மெல்போர்னுக்கு வந்து சேர்ந்தது. கார் இரண்டும் நின்றன. எஞ்சின் இருந்தது. ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஆனால் மூன்று நாளும் ஒரு கார்கூட கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. காரணம், ஏலத்துக்குத் தயார் செய்தபோது அணியின் கணினிகளில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார்கள். இன்றைய பந்தயக் காரை மென்பொருள் இல்லாமல் உயிர்ப்பிக்க முடியாது. மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, மென்பொருள் ஆட்கள் இரவு பகலாக அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணினியை விற்றவருக்கு அது பழைய பெட்டி. வாங்கியவருக்குப் பெட்டிக்குள் இருந்ததுதான் அணியே.

நம் ரைஸ் மில்லில் இதற்குச் சமமானது எது? நெல் அவிக்கிறவரின் கைப்பழக்கம். எந்த ரக நெல்லுக்கு எத்தனை நேரம் ஊறல், எந்த ஈரத்தில் இறக்குவது, நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷினை எந்த அளவில் வைத்தால் அரிசி சுத்தமாகவும் சேதாரமில்லாமலும் வரும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ஏலம் எடுக்கும் முன்பே அவர் வீட்டைத் தேடிப் போங்கள். ‘அண்ணே, நான் எடுத்தால் நீங்க வருவீங்களா?’ என்று நேரே கேளுங்கள். பழைய சம்பளப் பாக்கி அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்றும் கேளுங்கள். சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியது இல்லாமல் இருக்கலாம். அதில் ஒரு பகுதியையாவது முன்பணமாகக் கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். புது மெஷின் வாங்கும் செலவைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

இயந்திரத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பட்டறை ஏலத்தில் லேத் எடுப்பவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் சக் பக்கத்துப் பெட்டில் தேய்மானத்தைத் தடவிப் பாருங்கள்; வேலை அதிகம் நடப்பது அங்கேதான். சக் சாவி, மாற்றுப் பல்சக்கரங்கள் கூடவே இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மூடிய பட்டறையில் முதலில் காணாமல் போவது இந்தச் சின்னச் சாமான்கள்தான்.

இனிக் கையிருப்பு. கம்போஸ் என்ற ஸ்பெயின் அணி 2010 பந்தயத்துக்கு அனுமதி வாங்கிவிட்டுப் பணமில்லாமல் தத்தளித்தது. ஹோசே ரமோன் கரபான்தே எடுத்து ஹிஸ்பானியா என்று பெயர் மாற்றினார். சென்னை கருண் சந்தோக் அதில் ஓட்டுநர். பஹ்ரைனில் அவருடைய காரைப் பந்தய வார இறுதியில்தான் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி ஓட்டத்தில் ஒரு சுற்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காரில் அவர் முதன்முதலாகத் தடத்தில் இறங்கியதே தகுதிச் சுற்றில். அடுத்த ஆண்டு நாராயண் அங்கே சேர்ந்தார். மெல்போர்னில் அணியின் இரண்டு கார்களுமே தகுதி நேரத்தைத் தொட முடியாமல் வெளியே நின்றன. மூன்று பருவத்தில் ஒரு புள்ளியும் இல்லை. 2012 முடிவில் கடை மூடியது. நம் ஊர்ப் பையன்கள் இருவரின் திறமையில் குறையில்லை. அவர்கள் ஏறிய வண்டிக்குப் பின்னால் பணம் இல்லை.

ஹோண்டா விட்டுப்போன அணியை ராஸ் பிரான் 2009இல் ஒரு பவுண்டுக்கு வாங்கி அந்த ஆண்டே சாம்பியன் ஆனார் என்று மேடைகளில் சொல்வார்கள். நடந்ததுதான். ஆனால் அந்தக் காரை வடிவமைத்த செலவு ஹோண்டாவினுடையது. முதல் ஆண்டு ஓட்டத்துக்கும் ஹோண்டா பணம் கொடுத்துவிட்டுப் போனது. அப்படியும் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வாங்கும் விலை சின்னது. முதல் வருமானம் வரும் வரை தாங்கும் செலவுதான் பெரியது. நம் பக்கத்தில் சம்பா நெல் தை, மாசியில்தான் களத்துக்கு வரும். வைகாசியில் ஆலையை எடுத்தால் உள்ளூர் நெல் வரும் வரை கூலி, மின்கட்டணம், வட்டி எதில் கொடுப்பீர்கள்? இதற்குத் தாளில் பதில் எழுதிய பிறகு ஏலத்துக்குப் போங்கள்.

இது வாங்குகிறவர்களுக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் முக்கியமானது இருக்கிறது.

நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி திவால் தீர்வு நடவடிக்கைக்குள் போனால் பதறி ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். முதலில் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரும். அதில் சொன்ன கடைசித் தேதிக்குள் படிவம் ‘டி’யில் உரிமை கோர வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் இவற்றின் நகலை இன்றைக்கே வீட்டில் எடுத்து வையுங்கள். கம்பெனி மெயிலில் மட்டும் வைத்திருந்தால் கணக்கு முடங்கும் நாளில் கைக்கு வராது. கம்பெனி கலைக்கப்பட்டால், நடவடிக்கைச் செலவு போகத் தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கிக்கு அடமானக் கடன்காரர்களோடு சம இடம் உண்டு. மற்ற ஊழியர்களுக்கு அடுத்த படியில் 12 மாதச் சம்பளம். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது.

பெரஸ் செய்ததை இங்கே செய்ய முடியுமா? தனியாளாகக் கடினம். 2020 மார்ச் முதல் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் மனுப் போட முடியும். ஆனால் தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காகப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சங்கத்தில் சேர யோசிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபோர்ஸ் இந்தியா ஒரே மாதத்தில் மறுபிறவி எடுத்தது. இங்கே சட்டம் கொடுக்கும் கெடுவே 330 நாள், நடப்பில் அதையும் தாண்டும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் தரையிறங்கியது. 2021இல் மீட்புத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொல்லிவிட்டது. புது முதலாளி வருவார் என்று சும்மா உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கு ஐந்தரை ஆண்டு போயிற்று. பாக்கியைப் பதிவு செய்துவிட்டு வேறு வேலை தேடுவதில் எந்தத் துரோகமும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால் போகலாம்.

மறுபடி எழுந்த கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால் நேர்முகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளம் எந்தக் கம்பெனியின் பெயரில் வரும், பழையதா புதியதா? முந்தைய பணிக்காலம் கணக்கில் சேருமா? அடுத்த ஆண்டு வருமானத்துக்கு எது உறுதி? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் யோசியுங்கள். மேனர் அணியை 2016 பிரேசில் பந்தயத்தில் சாபர் அணி ஒரே பந்தயத்தால் பத்தாம் இடத்திலிருந்து தள்ளியது. பரிசுப் பணம் போயிற்று. 2017 ஜனவரியில் 212 பேர் மாதக் கடைசிச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டே ஆண்டுக்கு முன் சாம்பலிலிருந்து எழுந்த அணி அது.

பந்தயத் துறையே வேண்டும் என்று நிற்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கோடியக்கரையில் படகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போதே ஃபார்முலா பாரத் மாணவர் போட்டி அணியில் சேருங்கள். போட்டி நடப்பது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பந்தயங்களுக்குத் தன்னார்வ மார்ஷல்கள் தேவைப்படுகிறார்கள். அங்கே நின்று எந்த அணி ஒழுங்காக வேலை செய்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள், மெக்கானிக்குகளிடம் பேசுங்கள், அவர்களுக்குச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு விண்ணப்பம் போடுங்கள்.