அந்த நாயை என்ன செய்வது?

சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டம் முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் என்னை நாடி வந்தார். தம் விடுதியின் பின்புறத்தில் மெலிந்த தெருநாய் ஒன்று கிடக்கிறதென்றும், அதை என்ன செய்வதென்றே விளங்கவில்லையென்றும் கூறினார். "அண்ணா, நீங்கள் விலங்கியல் படிக்கிறவர் ஆயிற்றே, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். விலங்கியல் படித்தவனுக்கு நாயின் பற்கள் 42 என்பது தெரியும். வாயிலில் கிடக்கும் நாயை என்ன செய்வது என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. நான் அதைக் கற்றது 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இதே தில்லியில், ராணி என்னும் ஒரு நாயிடத்தில். அதனையே பாடமாக எழுதித் தருமாறு இதழாசிரியர் கேட்டதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் மாதம், மழை ஓய்ந்த சமயம். எங்கள் விடுதியின் சைக்கிள் கொட்டகையில் அது வந்து படுத்தது. உடம்பில் பாதிக்கு மயிர் இல்லை. காதோரங்களும் முன்னங்கால் முட்டிகளும் தடித்து, சாம்பல் பூத்தாற்போல் இருந்தன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தது. அதன் கால் தகரத்தில் மோதும் ஓசை இரவில் என் அறை வரையில் கேட்கும். நான் செய்தது என்ன? உணவுக்கூடத்தில் மிஞ்சிய சப்பாத்தியை மடித்து எறிந்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பதினைந்து நாள் இப்படியே கழிந்தது. என்னைப் போலவே வேறு நால்வரும் எறிந்து வந்தனர் என்பது பின்னரே தெரிந்தது. ஐவர் உணவிட்டோம், ஒருவராவது அருகில் சென்று பார்க்கவில்லை. ஆயினும் ஐவரும் இரக்கமுள்ளவர்கள் என்ற எண்ணத்துடன் உறங்கினோம்.

இந்த வகை இரக்கத்தைப் பற்றிக் காந்தியடிகள் கடுமையாக எழுதியிருக்கிறார். 1926-இல் அகமதாபாத்தில் ஆலை அதிபர் ஒருவர், தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். ஊரே கொதித்தது. காந்தியடிகளோ அவரைக் குறைகூற மறுத்தார். தம் 'யங் இந்தியா' இதழில் அதுபற்றித் தொடர்ந்து எழுதினார். கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. நாய்களைக் கொல்லலாம் என்ற அவர் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று நம்மிடம் உள்ள மருத்துவம் அன்று இல்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் அவர் வாதத்தின் மற்றொரு பாதி என்னைச் சுட்டது. உடையவர் இல்லாத நாய் தெருவில் திரிவது அந்த ஊரின் கருணைக்கு அடையாளமன்று, அதன் சோம்பலுக்கே அடையாளம். எச்சில் துண்டை எறிந்துவிட்டுப் போவது நாய்க்குச் செய்யும் உதவியாகாது. வளர்ப்பதானால் பொறுப்பேற்று வளர்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து. நூறாண்டுக்கு முன் எழுதியது என் சப்பாத்தித் துண்டைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில்தான் நான் அதன் அருகில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால் நின்று பார்ப்பதைவிட அதிகம் தெரியும். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மயிர் தேய்ந்த தழும்பு இருந்தது. அது பட்டையின் தடம்! தெருவில் பிறந்த நாய்க்குக் கழுத்துப் பட்டை ஏது? 'பைட்டோ' என்றதும் அது உட்கார்ந்தது. எங்கள் காவலர் அப்போதுதான் சொன்னார்: பின் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பம் கோடையில் வீட்டைக் காலிசெய்து போனபோது சாமான்களை ஏற்றிச் சென்றது, ராணியை ஏற்றவில்லை. பெயரும் அவர் சொல்லியே தெரிந்தது.

ஆகவே ஒரு நாயைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது 'இது யாருடையது?' என்பதே. காணாமற்போன நாயாயின், உடையவர் தேடிக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டால் வேலை அன்றே முடிந்துவிடும். கைவிடப்பட்ட நாயாயின், அது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் கைவிடுவதை வதை என்றே கொள்கிறது. இச்சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நம்மில் பலர் அறியார். கலாட்சேத்திரத்தை நிறுவிய அதே அம்மையார்தாம் 1950-களில் மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதாவாக இதனைக் கொண்டுவந்தார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வாரியம் தொடங்கியது சென்னையில். இச்சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. வீடு மாறுகிறவர் லாரிக்காரருக்குக் கொடுக்கும் தேநீர்க் காசு அது.

பாரதத்தின் தொடக்கத்தில் குற்றம் செய்யாத ஒரு நாய்க்குட்டியைச் சனமேசயனின் உடன்பிறந்தார் அடிக்க, அதன் தாய் வந்து நியாயம் கேட்கிறது. அதே கதையின் முடிவில், நாயைக் கைவிட்டுத்தான் வரவேண்டுமாயின் விண்ணுலகமே வேண்டாம் என்கிறான் தருமன். இவ்வளவையும் கேட்டு வளர்ந்த நாம்தாம் சினம் வந்தால் 'நாயே' என்கிறோம். இது போகட்டும்.

அடுத்தது அச்சம். அதை மறைப்பதில் பயனில்லை. எங்கள் உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கும் அம்மாவின் மகனை முந்தைய ஆண்டு வேறொரு நாய் கடித்திருந்தது. ராணிக்கு நான் பரிவு காட்டியதை அவர் முகம் சுளித்தே பார்த்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் நடந்து வருபவர் அவர். எட்டு மணிக்கு எழுபவன் நான். தெருநாயைப் பற்றிப் பேசும்போது யார் காலால் நடக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபீஸ், அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைக் கொண்டுபோகும். மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயால்தான் வருகிறது. நோயுற்ற நாயின் எச்சிலில் உள்ள வைரஸ் காயத்தின் வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும்; ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. கடிபட்ட இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் அப்பக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி வரிசையைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தால் ஊசி மட்டும் போதாது. நோய் எதிர்க்கும் புரதத்தைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். நம் பாட்டிமார் அஞ்சிய 'வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி' இன்று இல்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து இமயச் சாரலில் உள்ள கசௌலியில் உருவானது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளே.

வெறிபிடித்த நாய் எப்போதும் நுரைதள்ளி ஓடிவரும் என்று எண்ணுவதும் தவறு. தாடை தொங்கி, விழுங்க மாட்டாமல், மூலையில் சோர்ந்து ஒடுங்கிக் கிடப்பதும் அந்நோயின் ஒரு வடிவம். ஆகவே சோர்ந்த நாயின் வாயில் 'எலும்பு சிக்கியிருக்கிறதோ' என்று கைவிடாதீர்கள். ராணி நன்றாக விழுங்கினாள், நீர் குடித்தாள், பெயர் சொன்னால் திரும்பினாள். இருந்தும் கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும் வரையில் நான் கையுறை இல்லாமல் தொடவில்லை. நாய்களோடு பழகுவோர் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு, அதையும் போட்டுக்கொண்டேன்.

சொறிக்கு வருவோம். மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினார். எட்டுக் காலும் உருண்டை உடலுமாக ஊர்ந்தது, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உண்ணி இனம். பெண் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. ஆகையால் ஒரே முறை மருந்து கொடுத்து விட்டுவிட்டால், அன்று முட்டையில் இருந்தவை மறுபடி தலையெடுக்கும். இடைவெளி விட்டுப் பல வாரம் கொடுக்க வேண்டும். மனிதர் தோலிலும் இது சில நாள் அரிப்பை உண்டாக்கும், எனக்கும் உண்டாயிற்று, பிறகு போய்விட்டது. அருகிலிருந்த பட்டறைக்காரர் அன்போடு ஒரு டப்பா எரிந்த எஞ்சின் எண்ணெயைக் கொண்டுவந்து, "இதைப் பூசுங்கள், மூன்றே நாள்!" என்றார். நாடெங்கும் உள்ள வழக்கம் இது. நாய் அதை நக்கும், தோலும் உறிஞ்சும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். அவர் மனம் நோகாமல் டப்பாவை வாங்கிக்கொண்டு சைக்கிள் சங்கிலிக்குப் பயன்படுத்தினேன்.

உணவிலும் தவறு செய்திருக்கிறேன். நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே வேளையில் வயிறு நிறையக் கொடுப்பது தீங்கு. சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால் நம் சாம்பார்ச் சோறு ஆகாது. சோறும் வெந்த முட்டையும் போதும். ஆறு வாரத்தில் முதுகில் செம்பட்டை மயிர் முளைத்தது. அப்போதுதான் அவள் செவலை நிறத்தவள் என்று தெரிந்தது.

ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஒபர்காசல் என்னும் இடத்தில் 1914-இல் ஒரு கல்லறை கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுக்கு முற்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கொடிய நாய்க் காய்ச்சலால் பல வாரம் துன்புற்றதென்றும், மனிதர் பேணாதிருந்தால் அத்தனை நாள் பிழைத்திராதென்றும் 2018-இல் எழுதினர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத, நோயுற்ற குட்டி. அதற்கு யாரோ நீர் புகட்டியிருக்கிறார்கள்.

ராணி தேறினாள், உண்மையான சிக்கல் அப்போதுதான் தொடங்கிற்று. அவளை எங்கே வைப்பது? 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது மடலில் இடும் சிறு வெட்டே அதற்கு அடையாளம். ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறும். பழைய நாய்களை அகற்றினாலோ, குப்பை இருக்கும் வரையில் ஊசி போடாத புதிய நாய்கள் அவ்விடத்துக்கு வரும். இது விதியின் கருத்து. 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டது. அதே மாதம் 22 அன்று மூவர் அமர்வு அதை மாற்றி, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றை மீண்டும் அந்தந்த இடத்தில் விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று மற்றோர் ஆணை: கல்விக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது. எங்கள் கொட்டகை கல்விக்கூடத்துக்குள் இருந்தது.

விடுதியில் கூட்டம் கூட்டினோம். இருபத்திரண்டு பேர் வந்தனர். ஒளித்து வைக்கலாம் என்றார் ஒருவர். பக்கத்துத் தெருவில் விட்டுவிடலாம் என்றார் இன்னொருவர்; ராணியை விட்டுச்சென்ற குடும்பம் செய்ததும் அதுதானே என்று நான் கேட்டேன். காப்பகத்தைப் பற்றி எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் வீட்டில் வளர்ந்து, மனிதர் குரலுக்கு ஏங்கும் ஒரு நாய் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு நடுவே என்ன ஆகும் என்று யோசித்தோம். ஆகஸ்டு 22 ஆணையில் ஒரு வழி இருந்தது: விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அது மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர் பொறுப்பு. "யார் எடுப்பது?" என்றேன். இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். நான் உட்பட. என் அறையில் நாய்க்கு இடமில்லை. 2027-இல் ஆராய்ச்சி முடிந்தால் எந்த ஊரோ தெரியாது. இரண்டாண்டுக்கு எடுத்துப் பிறகு விடுவதும் கைவிடுதலே.

நண்பர் ஒருவர் துணிந்து விஜய் நகரில் உள்ள தம் வாடகை அறைக்கு அழைத்துச் சென்றார். நான்காம் நாள் வீட்டுக்காரர் இருவரையும் வெளியேறச் சொல்ல, ராணி மறுபடி கொட்டகைக்கு வந்தாள். கடைசியில் உதவியவர் நம் மன்றத்துக்கு ஆண்டுதோறும் வரும் பெரியவர், மயூர் விஹாரில் தனியே வாழ்பவர். கேட்டதும் அவர் இசையவில்லை. மூன்று நாள் யோசித்தார். பிறகு தொலைபேசியில் சொன்னார்: "நடக்க அழைத்துப் போவதும் சோறு போடுவதும் நான். மருந்துச் செலவு உங்களுடையது. நான் ஊருக்குப் போனால் உங்களில் ஒருவர் வந்து தங்க வேண்டும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா, அப்பா." எழுதினோம். ஐந்து பெயர், சப்பாத்தி எறிந்த அதே ஐவர். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து, விண்ணப்பமும் ஏற்கப்பட்டு, டிசம்பரில் ராணி போனாள். பாத்திரம் துலக்கும் அம்மா அன்று வாயில் வரை வந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. வளாகத்தில் ஒரு நாய் குறைந்தது அவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும். அதில் தவறு காண எனக்கு உரிமையில்லை.

மாமாவின் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ராணிக்கோ இந்தியைத் தவிர ஒன்றும் புரியாது. நாற்பதாண்டு தில்லியில் இருந்தும் காய்கறிக்காரரோடு கூட விரலால் பேசியவர், இப்போது நாள் முழுதும் இந்தியில் அதட்டுகிறார்.

என்னைக் கேட்ட முதலாண்டு மாணவரோடு மறுநாட் காலையே போய்ப் பார்த்தேன். கறுப்பு நாய், ஆண். காதில் வெட்டு இருக்கிறது. கழுத்தில் தழும்பில்லை. இடது பின்னங்காலில் பழைய முறிவு ஒன்று கோணலாகக் கூடியிருக்கிறது. கண்டவற்றை ஒரு தாளில் குறித்தோம். 'பொறுப்பாளர்' என்ற சொல்லுக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.