விலைக்கும் வீரியத்துக்கும் உறவில்லை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “ஜி.எச்.சில் கொடுக்கிற சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வெறும் மாவு. காசு கொடுத்து வாங்கினால்தான் கேட்கும்.” சுத்தப் பொய். அங்கே தரும் மெட்பார்மினும் கடையில் பளபளக்கும் அட்டையில் வரும் மெட்பார்மினும் ஒரே வேதிப்பொருள். 1957 முதல் சர்க்கரை நோய்க்குப் பயன்படும் இம்மருந்துக்கு இன்று காப்புரிமை கிடையாது. கடையில் கூடுதலாகக் கொடுக்கும் காசு பிராண்டு பெயருக்கும் கமிஷனுக்கும் போகிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதால் விலை அடிமட்டத்தில் நிற்கிறது. ஒவ்வொரு பேட்சின் மாதிரியும் ஆய்வகத்தில் தேறிய பிறகே மருத்துவமனைக்குப் போகிறது. “தரமற்ற மருந்து பிடிபட்டதாகச் செய்தி வருகிறதே?” வருகிறது. அந்தப் பட்டியல்களில் பெயர்பெற்ற பிராண்டுகளும் உண்டு. கண்காணிப்பை இறுக்கச் சொல்லுங்கள், மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்.

பலன்? எடை கூடிய சர்க்கரை நோயாளிகளிடம் மெட்பார்மின் இறப்பை 36 சதவீதம் குறைத்ததாக பிரிட்டனின் நீண்டகால ஆய்வு 1998இல் காட்டியது. பிறகு கணக்குப் போட்டதில், ஆயுளைக் கூட்டியதோடு சிகிச்சைச் செலவையும் அது மிச்சப்படுத்தியிருந்தது. “சாப்பிட்டும் குறையவில்லையே” என்பவர்கள் பதில் சொல்லட்டும்: எத்தனை நாள் விட்டுப்போனது? அளவு போதுமா என்று டாக்டரிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? 2020இல் தமிழகத்தில் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. பரிசோதிக்காததும் பாதியில் விடுவதுமே பெரிய ஓட்டை.

மற்ற வதந்திகளுக்குச் சுருக்கமான பதில் போதும். மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்பது தலைகீழ்ப் பேச்சு. கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் அழுத்தமும். கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். ‘நார்மல்’ வந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வந்ததே மாத்திரையால்தான்.

இலவச மாத்திரைக்கு உண்மையில் ஒரு விலை உண்டு: காலை ஓ.பி. வரிசையில் போகும் தினக்கூலி. அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளிக்கு அதுவே பெரிய தடை. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவர 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது, வேலையிடத்துக்கே கொண்டுவர 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. பத்துப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறைவரை அது வர வேண்டும். ஷிப்ட் முடிந்து வருபவருக்கு மாலையிலும் மாத்திரை கிடைக்க வேண்டும். வதந்தி பரப்பும் நேரத்தில் இதைக் கேட்டு மனுப் போடுங்கள்.